விபத்தில்லா இருட்டு, ஐந்தாம் ஆண்டு

கம்பியை இரண்டு சுற்றுச் சுற்றி மூன்றாவது சுற்றுக்கு இழுத்தபோது மதுகர் பாகவேயின் கட்டைவிரல் கிழிந்தது. அவர் நிறுத்தவில்லை. மணி எட்டு பன்னிரண்டு. இன்னும் பதினெட்டே நிமிடம்.

மாடிப்படியின் கைப்பிடியில் அவருடைய பழைய ரயில்வே கைவிளக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்து தொங்கியது. பச்சைக் கண்ணாடியைத் திருப்பினார். வெளிச்சம் சரியாகப் பதினாறாவது படியின் விளிம்பில் விழுகிறதா என்று குனிந்து பார்த்தார்.

விழுந்தது. உள்ளங்கை அகலத்துக்கு. அது போதும்.

கீழேயிருந்து ஷூ சத்தம் ஏறி வந்தது. பாகவேயின் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றது.

"என்ன இது, பாகவேராவ்?"

செக்ரெட்டரி பெட்ணேகர். கழுத்தில் அடையாள அட்டை, கையில் அட்டை வைத்த நோட்டு, முகத்தில் ஏற்கெனவே தயாராக இருந்த அதிர்ச்சி.

"விளக்கு."

"அது தெரியுது. விளக்கணைக்கிற விழாவுல விளக்கு எதுக்குன்னு கேக்கறேன்."

"இந்தப் படிக்கு. நாலாவது மாடி அசாவரி ஏழு மாசம். இருட்டுல இதுல கால் வெச்சா என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியும்."

பெட்ணேகருக்குத் தெரியும். அந்தக் கட்டடத்தில் எல்லோருக்கும் தெரியும். தளத்துக்குப் பதினேழு படி. கட்டியவர் கணக்குத் தப்பி, மூன்றாம் மாடிக்கும் இரண்டாம் மாடிக்கும் நடுவே மிஞ்சிப்போன உயரத்தை எல்லாம் பதினாறாவது படியில் கொட்டிவிட்டார். நான்கு விரல் கூடுதல். பகலில் பழகிய கால் தானே நீண்டு இறங்கும். இரவில் விளக்கு உண்டு. வருடத்தில் ஒரே ஒரு சனிக்கிழமை மட்டும் அந்தப் படி ஒரு மணி நேரம் சுதந்திரமாக இருந்தது.

"சாஹேப், உள்ளங்கை அளவு வெளிச்சம்..."

"வெளிச்சத்துல சின்னது பெரிசு உண்டா? எதிர் மொட்டைமாடியிலேருந்து போட்டோ எடுக்கறாங்க. போன வருஷம் ரெண்டாவது மாடியில எவனோ ஊதுபத்தி கொளுத்தினான். ரெண்டு மார்க் போச்சு!" பெட்ணேகர் கம்பியைப் பிரிக்கத் தொடங்கினார். "வேணும்னா சேர்மன்கிட்ட கேளுங்க. நான் சின்ன ஆள். எனக்கு அவிழ்க்கத்தான் அதிகாரம்."

*

மும்பையை ஒட்டிய டோம்பிவிலியில் நந்தாதீப் அடுக்குமாடிச் சொசைட்டியைத் தெரியாதவர்கள் குறைவு. அணையா விளக்கு என்று பெயர் வைத்துக்கொண்டு, பூமியின் நலனுக்காக அணைந்து காட்டுவதில் நான்கு வருடமாக முதல் பரிசு. உபநகரச் சுற்றுச்சூழல் பேரவையின் கேடயங்கள் நான்கும் ஆபீஸ் அறையில் வரிசையாக, ஒவ்வொன்றுக்கும் தனி பல்புடன் ஜொலித்தன.

முதல் வருடம் எல்லோரும் விளக்கை அணைத்துவிட்டு அவரவர் வீட்டில் உட்கார்ந்திருந்தார்கள். அது எவ்வளவு பெரிய ஆபத்து என்பதைப் பாதுகாப்புத் துணைக்குழுதான் கண்டுபிடித்தது. இருட்டு வீட்டில் முக்காலி இருக்கிறது, சூடான தோசைக்கல் இருக்கிறது, அலமாரிக்கு மூலை இருக்கிறது. ஆகவே யாரும் வீட்டில் இருக்கக் கூடாது. விளக்கணைந்த பின், மாடி வாரியாக, இருட்டில் படியிறங்கிக் கீழே கம்பவுண்டுக்கு வந்துவிட வேண்டும். அங்கே பாதுகாப்பு.

மெழுகுவர்த்தி கூடாது, தீப்பிடிக்கும். டார்ச் கூடாது, பேட்டரி மண்ணுக்கு விஷம். போன் கூடாது, போட்டோவில் வெள்ளைப் புள்ளி விழும். படிகளை எண்ணிக்கொண்டு இறங்கலாம், ஆனால் மனசுக்குள். வாய்விட்டு எண்ணினால் ஒலி மாசு.

சேர்மன் கரந்திகர் ஆபீஸில் மூன்று டியூப்லைட்டுக்குக் கீழே நின்று சுவரைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார். ஏசி ஓடியது.

"அன்பான உறுப்பினர்களே! இருட்டைக் கண்டு பயப்படாதீங்க. இருட்டுல யார் என்ன செஞ்சாங்கன்னு யாருக்கும் தெரியாது. அதுதான் இருட்டோட பெருமை!" திரும்பினார். "எப்படி இருக்கு, பாகவே?"

"நல்லா இருக்கு, சாஹேப். அந்தப் படி..."

"விண்ணப்பம் கொடுத்தீங்களா?"

"மூணு தடவை."

"மூணும் பரிசீலனையில இருக்கு. அப்புறம் நாலாவதா வாயால கேட்டா, அந்த மூணுக்கும் அவமரியாதை இல்லையா?"

"படியை உடைச்சுச் சரி பண்ணியிருக்கலாம். ஒரு வருஷம் இருந்துது."

கரந்திகர் அவரைக் கனிவோடு பார்த்தார். தோளில் கை வைத்தார். "நீங்க ரயில்வேயில இருந்தவர். விஷயம் புரியும். ரிப்பேர் பண்ணினா, ஏன் பண்ணினீங்கன்னு கேப்பாங்க. இந்த ரிஜிஸ்டரைப் பாருங்க. நாலு வருஷம். விபத்துன்னு ஒரு பத்தி இருக்கு. அதுல 'இல்லை'யைத் தவிர ஒரு எழுத்து விழுந்திருக்கா? ஏன்? எழுதற கை நம்ம கை!"

பாகவே ரிஜிஸ்டரைப் பார்க்கவில்லை. ரயில்வேயில் தண்டவாளத்தில் ஒரு ஆடு அடிபட்டால்கூட மூன்று பேர் வந்து விசாரிப்பார்கள். ஆட்டுக்காரனைக் கேட்பார்கள். கொடி காட்டிய ஆளைக் கேட்பார்கள், அதாவது அவரை. முப்பத்தொரு வருடம் அப்படிப் பதில் சொல்லிப் பழகிய மனுஷர். இங்கே யாரும் எதுவும் கேட்டதில்லை.

கதவருகே விசில் அடித்தது. பாதுகாப்புத் துணைக்குழுத் தலைவி நிம்கர்பாயி. ஒளிராத துணியில் தைத்த மேலங்கி, கழுத்தில் விசில்.

"படிப் பிரச்சினை தீர்ந்தாச்சு," என்றாள். "போர்டு வெச்சுட்டேன். 'கவனம், உயரமான படி.'"

"இருட்டுல எப்படிப் படிப்பாங்க?"

"வெளிச்சத்துல போகும்போதே படிச்சு வெச்சுக்கணும். அது உறுப்பினரோட பொறுப்பு. விதி ஆறு."

மணி எட்டு இருபத்தாறு. பாகவே நெற்றியைத் துடைத்துக்கொண்டார். கட்டைவிரல் ரத்தம் புருவத்தில் ஒட்டியது.

"அப்போ நானே அங்க நிக்கறேன். ஒவ்வொருத்தர் கையா பிடிச்சு இறக்கி விடறேன்."

சேர்மன் செக்ரெட்டரியைப் பார்த்தார். செக்ரெட்டரி நிம்கர்பாயியைப் பார்த்தார். அவள் விதிப்புத்தகத்தை இரண்டு முறை புரட்டினாள்.

"மனுஷன் வெளிச்சம் விடறதில்ல. தடை இல்ல," என்றாள். அவருடைய வழுக்கைத் தலையை ஒரு கணம் உற்றுப் பார்த்தாள். "ஆனா நிலா வரும். தொப்பி போட்டுக்குங்க."

*

எட்டரைக்கு மெயின் சுவிட்ச் விழுந்தது.

இருட்டு மெதுவாக வரும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். வராது. அது ஏற்கெனவே அங்கேதான் நின்றுகொண்டிருக்கும். விளக்கு போனதும் ஓரடி முன்னால் வரும், அவ்வளவுதான்.

பாகவே தொப்பியோடு பதினேழாவது படியில் நின்றார். முதுகு சுவரில், வலது கை நீட்டி.

நான்காம் மாடி இறங்கியது. மூச்சுச் சத்தம், வளையல் சத்தம், மனசுக்குள் எண்ண முடியாமல் முணுமுணுத்து எண்ணும் சத்தம். ஒவ்வொரு கையாகப் பிடித்தார். "இப்ப உயரப் படி. நிதானமா. ம். அடுத்தவங்க." ஒன்று, இரண்டு, மூன்று. ஒன்பதாவது கை குளிர்ந்து வியர்த்திருந்தது.

"காகா, நீங்களா? தலையில என்ன, பானையா?"

"தொப்பிம்மா. நிலா வெளிச்சம் பட்டு மார்க் போயிடுமாம்."

அசாவரி சிரித்தாள். "நல்லவேளை, எனக்கு வயித்துக்குத் தொப்பி கேக்கல. காகா, நாங்க ரெண்டு பேரு இறங்கறோம். கணக்குல ஒண்ணுன்னு எழுதிடாதீங்க."

"இடது காலை முதல்ல வை. இன்னும் கீழ. இன்னும்..."

கால் தரையைத் தேடியது. கிடைக்கவில்லை. முழு எடையும் சட்டென்று அவர் மேல் சரிந்தது. கிழிந்த கட்டைவிரலில் அவள் வளையல் ஏறியது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு சுவரோடு சுவராக அவளைத் தாங்கினார். அடுத்த கணம் இருவரும் அசையாமல் நின்றார்கள்.

"இதே மாதிரிதான்..." என்று ஆரம்பித்தாள். நிறுத்திக்கொண்டாள். அவர் கையை ஒரு முறை அழுத்தினாள். "ஒண்ணுமில்ல காகா. நான் போறேன்."

அடுத்து மூன்றாம் மாடி. பதினைந்து, பதினாறு, இருபது. கடைசியாக இறங்கியவர் அவருடைய எதிர்வீட்டுக்காரர். வழக்கமாக ஓயாமல் பேசுகிற மனிதர் ஒரு வார்த்தை பேசாமல் கையைப் பிடித்து, இறங்கி, அவசரமாகப் போய்விட்டார்.

இருபத்தாறு. அவரைத் தவிர எல்லோரும் இறங்கியாயிற்று.

பாகவே கிளம்பவில்லை.

தூரத்தில் லோக்கல் ரயிலின் ஹாரன் கேட்டது. எந்த ரயில் என்று அவருக்குத் தெரியும். கடிகாரம் பார்க்க வேண்டியதில்லை. எட்டு ஐம்பத்திரண்டு.

மேலே செருப்புச் சத்தம்.

ரப்பர் செருப்பு. வலது வார் அறுந்து ஊக்கு குத்திய செருப்பு. தப், டிக். தப், டிக். ஊக்கு படியில் படும் சின்ன உலோகச் சத்தம். புதுசு வாங்கலாம் என்று எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். பன்னிரண்டு. பதின்மூன்று. அவர் எண்ணினார், மனசுக்குள்தான். பதினான்கு. பதினைந்து.

பதினாறில் நின்றது.

கையை நீட்டினார். முழு நீளத்துக்கு நீட்டினார். விரல்களில் காற்றுப் பட்டது. வேறெதுவும் படவில்லை.

கீழேயிருந்து விசில். "மூணாவது மாடி முடிஞ்சுதா?" நிம்கர்பாயியின் குரல்.

பாகவே நீட்டிய கையை மடக்காமல் நின்றார்.

"முடியல," என்றார்.

*

கம்பவுண்டில் சிமெண்ட் தரையில் வரிசையாக நின்றார்கள். ஓரத்தில் வடா-பாவ் கூடை மூடி இருந்தது. வாசனை மட்டும் வந்தது. சேர்மன் முப்பது நிமிடம் பேசி முடித்தார். இருட்டில் கைதட்டியது யார், தட்டாதது யார் என்று தெரியாததால் பலமாகவே தட்டினார்கள்.

இந்த வருடம் புதிதாக ஒன்று சேர்த்திருந்தார்கள். பேரவை பாதுகாப்புக்கென்று பத்து மார்க் அறிவித்திருந்தது. அதை முழுசாக அள்ள, கரந்திகரே விதி ஒன்பதைத் தன் கைப்பட எழுதினார். பட்டியலில் உள்ள ஒவ்வொருவரும் பெயர் கூப்பிட்டதும் 'ஹாஜர்' சொல்ல வேண்டும். எல்லாப் பெயரும் ஒத்துப்போனால்தான் விளக்குப் போடலாம். அதுவரை மெயின் சுவிட்ச் பெட்டியின் சாவி, உறை போட்டு அரக்கு வைத்து, நடுவர் கையில் இருக்கும்.

நடுவர் புனேயிலிருந்து வந்திருந்தாள். மிருண்மயி தாம்ளே, முப்பது வயதுக்குள். யாரையும் அவளுக்குத் தெரியாது. படிப்பதற்கென்று அவளுக்கு மட்டும், சிவப்புக் காகிதம் சுற்றிய சின்ன டார்ச் அனுமதிக்கப்பட்டிருந்தது.

பட்டியல் போன வருடத்தது. புதிதாக அச்சடித்தால் பதினான்கு தாள். ஒரு மரத்தின் கிளை. பொதுக்குழு கைதட்டி ஏற்ற தீர்மானம்.

"மூணாவது மாடி. பன்னிரண்டாம் நம்பர். மதுகர் பாகவே."

"ஹாஜர்."

"சுலபா மதுகர் பாகவே."

சிவப்பு வெளிச்சம் தாளிலிருந்து நிமிர்ந்தது.

"சுலபா மதுகர் பாகவே?"

கூடையருகே ஒரு குழந்தை எதையோ கேட்டது. அதன் வாயைப் பொத்தினார்கள்.

"சரி, கடைசியில கூப்பிடறேன்," என்றாள் மிருண்மயி. கூப்பிட்டு முடித்தாள். "அறுபத்தெட்டு பேர். அறுபத்தேழு ஹாஜர். ஒருத்தங்க பாக்கி. பாகவே சார், உங்க வீட்டம்மா எங்க?"

பாகவே தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

ஒன்பதரை மணி அடித்தது. சுற்றிலும் மற்ற கட்டடங்கள் பளிச்சென்று எரிந்தன. நந்தாதீப் மட்டும் நடுவில் கிணறு மாதிரி நின்றது.

"மேடம், நேரம் முடிஞ்சுது, லைட்டைப் போட்டுடலாமே," என்றார் பெட்ணேகர்.

"விதி ஒன்பது, சார். நீங்க எழுதி அனுப்பினதுதான்."

ஒன்பது நாற்பது. ஒருவர் சீரியல் போச்சு என்றார். ஒருவர் வடா ஆறிப்போச்சு என்றார். இருட்டில் பெட்ணேகரின் ஷூ சத்தம் பாகவேயிடம் நெருங்கியது. காதில் மூச்சு பட்டது.

"ஒரே வார்த்தை, பாகவேராவ். குரலை மாத்திக்கூட சொல்ல வேணாம். 'ஹாஜர்.' இருட்டுல யாருக்குத் தெரியப்போகுது?"

"சொல்லாதீங்க காகா," என்றாள் அசாவரி எங்கிருந்தோ.

"யாரும்மா அது, நடுவுல?"

"கணக்குல ஒண்ணுன்னு எழுதின ரெண்டு பேரு."

மிருண்மயியின் சிவப்பு வெளிச்சம் முகம் முகமாகப் போனது. ஒரு முகமும் அவளைப் பார்க்கவில்லை. எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் குரலில் முதல் முறையாகப் பயம் தட்டியது.

"மேல எங்கயாவது விழுந்து கிடக்கறாங்களா? யாராவது போய்ப் பாருங்க! பாதுகாப்புக் குழு!"

நிம்கர்பாயி விசிலை வாயில் வைத்தாள். அடிக்கவில்லை. படிக்கட்டின் வாசல் கறுப்பாகத் திறந்திருந்தது. அறுபத்தேழு பேர். ஒருவர்கூட அந்தப் பக்கம் ஓரடி எடுத்து வைக்கவில்லை.

சேர்மன் தொண்டையைச் செருமினார். இக்கட்டில் பேசுவது அவருக்குக் கைவந்த கலை.

"மேடம், சுலபா வஹினி, நம்ம அண்ணி, ஒரு விதத்துல ஹாஜர்தான். நம்ம எல்லார் மனசுலயும் இருக்காங்க. இந்த மண்ணுல, இந்தக் காத்துல, குறிப்பா இந்த இருட்டுல..."

"சார், அவங்க வெளியூர் போயிருக்காங்களா?"

"போனாங்க," என்றார் பெட்ணேகர் அவசரமாக. "போன வருஷமே போயிட்டாங்க. ரிஜிஸ்டர்ல இருக்கு."

அவர் அதைச் சொல்லியிருக்க வேண்டாம். மிருண்மயி ரிஜிஸ்டரை வாங்கினாள். தாள் புரளும் சத்தம். சிவப்பு வெளிச்சம் ஒரு வரியில் நின்றது. அவள் சத்தமாகப் படித்தாள்.

"'நான்காம் ஆண்டு. உறுப்பினர் எண் நாற்பத்தொன்று, சுலபா பாகவே. இரவு எட்டு ஐம்பத்திரண்டுக்கு, சொந்தக் காரணத்தால் நிகழ்ச்சியிலிருந்து பாதியில் விலகினார். விபத்து: இல்லை.'" தலையை நிமிர்த்தினாள். "பாதியில விலகி எங்க போனாங்க? ஏன் பேரை எடுக்கல?"

"எடுக்கச் சொல்லி அவரு மனு கொடுத்தாரு, மேடம்," பெட்ணேகரின் குரல் உடைந்தது. "எடுத்தா, ஏன் எடுத்தீங்கன்னு எழுதணுமே! அவங்க செத்தது ஆஸ்பத்திரியில! ரெண்டு நாள் கழிச்சு! நம்ம படியில ஒண்ணும் உயிர் போகல. வேணும்னா ஆஸ்பத்திரி சீட்டைப் பாருங்க!"

சொன்ன பிறகுதான், தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே கேட்டது போலிருந்தது. ஷூ சத்தம் இரண்டடி பின்வாங்கியது.

டார்ச் மெல்லத் திரும்பிப் பாகவேயின் மேல் விழுந்தது. தொப்பி இன்னும் தலையில் இருந்தது. அவர் அதைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். முன்பு விசாரணைகளில் நிற்பது போல நிமிர்ந்து நின்றார். ஒரு வருடமாக அவர் காத்திருந்த கேள்வி, கடைசியில் ஒருத்தி வாயிலிருந்து வந்தது.

"எட்டு ஐம்பத்திரண்டுக்கு என்ன நடந்துது, சார்?"

"பதினாறாவது படியில கால் வெச்சா. படி இல்ல. விழுந்தா." பாகவே நிதானமாகச் சொன்னார். "நான் நாலு படி பின்னால. தடவித் தடவி வந்து தலையைத் தூக்கி மடியில வெச்சுக்கிட்டேன். 'லைட்டைப் போடுங்க'ன்னு கத்தினேன். கீழேருந்து 'ஷ்ஷ்'னாங்க. சேர்மன் பேசிக்கிட்டிருந்தார். மறுபடி கத்தினேன். 'போட்டோ எடுக்கறாங்க, பொறுங்க'ன்னு ஒருத்தர் சொன்னார். யாருன்னு தெரியல. இருட்டு."

பாகவே தொப்பியை ஒரு கைக்கு மாற்றிக்கொண்டு மறு கையைப் பார்த்தார்.

"என் கையெல்லாம் ஈரம். அவ தண்ணி பாட்டில் எடுத்துக்கிட்டு இறங்கினா. அது உடைஞ்சு ஊத்துதுன்னு நினைச்சேன். 'விடு, கீழ போய் வேற தண்ணி வாங்கித் தரேன்'னு சொல்லிக்கிட்டே உக்காந்திருந்தேன்."

"லைட்டை எப்போ போட்டாங்க?"

"ஒன்பதரைக்கு, மேடம். ஒரு நிமிஷம் முன்னால இல்ல, பின்னால இல்ல. பாட்டில் உடையவே இல்ல. மூடிகூடத் திறக்கல. பக்கத்துப் படியில அப்படியே நின்னுக்கிட்டிருந்துது."